மூன்று கோடு இல்லாத அணில்கள்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே மாட்டியிருக்கும் படத்தை எல்லோரும் ஒரு நிமிஷம் பாருங்கள். சுமார் 1610-ல் மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீரின் ஓவியக்கூடத்தில் வரைந்தது. இது அச்சுப் பிரதி. மூலம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வரைந்தவர் அபுல் ஹசன் என்பார்கள். மன்சூரின் கையும் இதில் உண்டு என்பாரும் உண்டு. பொன்னிறப் பின்னணியில் பெரிய சினார் மரம். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக இலைகள். கிளைக்குக் கிளை அணில்கள்.

சென்ற லீவுக்கு வந்திருந்த என் பேத்தியிடம், "ராமருக்குப் பாலம் கட்ட ஒத்தாசை பண்ணின அணில் இதுதான்" என்றேன்.

"அப்படின்னா முதுகிலே மூணு கோடு எங்கே தாத்தா?" என்றாள்.

விலங்கியலில் பட்டம் வாங்கியவன் நான். வெட்கத்துடன் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். கோடு இல்லை. செந்நிற ரோமம். இது ஐரோப்பாவில் காணப்படும் சிவப்பு அணில். நம் நாட்டுக் காடுகளில் கிடையாது.

அப்படியானால் ஓவியர் இதை எங்கே பார்த்தார்? ஜஹாங்கீருக்கு அபூர்வப் பிராணிகளில் அபார ஆசை. 1612-ல் கோவாவிலிருந்து வான்கோழி வந்தபோது, உடனே அதை வரையச் சொன்னதாகத் தமது சரிதையில் எழுதியிருக்கிறார். இந்த அணில்களும் அப்படி அரண்மனைக்கு வந்தவையாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அது சரியென்றால், கூண்டில் பார்த்த அணில்களை ஓவியர் மரத்தில் ஏற்றி விட்டிருக்கிறார்! அடிமரத்தைப் பற்றிக்கொண்டு ஒரு மனிதன் ஏற முயல்வதையும் கவனியுங்கள். பிடிக்க வருகிறவனையும் அவரே வரைந்திருக்கிறார்.

"பிடிச்சுடுவானா?" என்று பேத்தி கேட்டாள். "அடிமரம் எவ்வளவு பருமன் பார். முடியாது" என்றேன். இது என் வியாக்கியானம். உங்களுடையது வேறாக இருக்கலாம்.

ஆனால், கோடு இல்லாததைக் கவனிக்காமல் விட்டது எனக்குப் புதிதல்ல. சர்வீஸில் இருந்தபோது ஒருவருடைய பென்ஷன் மனுவை, இந்த மாதிரி நூறு பார்த்தாயிற்று என்று முதல் பக்கத்தோடு நிராகரித்தேன். அவருக்குச் சாதகமான விவரம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அது தெரியவந்து பென்ஷன் கிடைக்க இரண்டு வருஷமாயிற்று. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று அவர் இல்லை.

படமோ, மனுவோ, மனிதரோ, நமக்குத் தெரிந்ததை அதில் தேடாமல், அதில் இருப்பதைப் பார்க்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல் பேத்தியிடம் கற்றுக்கொண்டேன்.