கால் கழுவிய தண்ணீர்

(நூற்றாண்டு ஆண்டின் தொடக்க நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)



நம்முடைய ஊர் வீடுகளில் வாசலில் ஒரு வாளி தண்ணீர் இருக்கும். வெளியே போய் வந்தவர் கால் கழுவிக்கொண்டே உள்ளே வருவார். தண்ணீர் வைப்பது வீட்டாரின் உபசாரம். கழுவுவது அவரவர் வேலை. ஆகவே யோவான் 13ஆம் அதிகாரத்தில் பேதுரு ஏன் மறுத்தார் என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. குரு குனிந்து சீடனின் காலைத் தொடுவதை நம் மனமும் ஒப்பாது.

மற்ற மூன்று சுவிசேஷகரும் அந்த இராப்போசனத்தில் அப்பமும் பாத்திரமும் கொடுக்கப்பட்டதை எழுதுகிறார்கள். யோவான் அதை எழுதவில்லை. அவ்விடத்தில் அவர் காட்டுவது தண்ணீரும் சீலையும். லூக்காவோ, தங்களில் யார் பெரியவர் என்று சீடர்கள் அதே பந்தியில் வாக்குவாதப்பட்டதையும் மறைக்காமல் சொல்கிறார். (விழாக் குழுக் கூட்டங்களில் இருந்தவர்களுக்கு இது புதினமல்ல.) யூதாஸ் அப்போது எழுந்து போயிருக்கவில்லை. அவனுடைய கால்களும் கழுவப்பட்டன. இதை நாம் விரைவாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். நன்றி சொல்லக்கூடியவருக்கு உதவுவது இலகு. காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று அறிந்தும் அவன் முன் குனிவது நம்மால் ஆகுமா?

1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் ஊழியம் செய்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இன்னொரு விதமாகக் குனிந்தவர். படிப்பிக்க வந்தவர், தாமே மாணாக்கனாக இருந்து தமிழ் படித்தார். மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, பிற்காலத்தில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். பெறுபவரின் பாஷையைக் கற்பதும் ஊழியத்தின் ஒரு பகுதியே.

நாங்கள் எதைக் கற்றோம்? இந்த மலருக்காகப் படங்கள் சேர்த்தபோது விடுதிப் படமொன்று கிடைத்தது. கீழே பெயர்கள் அச்சிட வேண்டும். முன்வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டோம். ஓரத்தில், சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி, குசினியில் சமைத்த அம்மா நிற்கிறார். விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டியவர். காய்ச்சல் வந்தால் கஞ்சியோடு வந்து தலைமாட்டில் இருந்தவர். அவருடைய புட்டின் ருசியை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இன்றைக்கும் கதைக்கிறோம். பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏழு வருடமும் 'குசினி அம்மா' என்றே கூப்பிட்டிருக்கிறோம். வேதபாடப் பரிசு பெற்றவர்கள் எங்களுக்குள் மூவர்.

சென்ற மாதம் எங்களில் இருவர் அவருடைய ஊருக்குப் போனோம். அவர் காலமாகிச் சில வருடங்களாகிவிட்டன. மகள் பாய் விரித்து இருத்தி, தேநீர் தந்தார். வந்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னோம். பெயரைத் தாளில் எழுதித் தந்தார். பிறகு எங்கள் பெயர்களைக் கேட்டார். சொன்னதும் சிரித்தார்.

“உங்களைத் தெரியும். அம்மா கடைசி மட்டும் ஒவ்வொருவராய்ப் பெயர் சொல்லித்தான் இரவில் செபம் பண்ணுவா.”