‘கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே’: பிழையா, பூட்டா?

சுவாமிமலையிலிருந்து பேசுறேன். 2011-ல் தொடங்கின அரசு இலவச லேப்டாப் திட்டம் ஞாபகம் இருக்கா? அந்த லேப்டாப்ல சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. நம்மில் பலருக்கு லினக்ஸ் அறிமுகமே அதுதான். லினக்ஸ்ல பலரை மிரட்டுற ஒரு செய்தி: ‘கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே’.

மானிட்டர் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. 1984-ல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ முறையில், புரோகிராம் தானா திரையில் வரையாது. எக்ஸ் சர்வரிடம் கேட்கும். எந்த சர்வர்னு சொல்றது ‘டிஸ்ப்ளே’ என்ற வேரியபிள். அனுமதி தர்றது எக்ஸ்அத்தாரிட்டி ஃபைலில் இருக்கிற ரகசியக் குக்கீ.

முதல்ல டெர்மினல்ல ‘எக்கோ டாலர் டிஸ்ப்ளே’ போடுங்க. டிஸ்ப்ளே முழுக்க கேப்பிட்டல் எழுத்து. காலியா வந்தா முகவரி இல்லைன்னு அர்த்தம். எஸ்எஸ்எச் வழியா வேற மெஷினுக்குள்ள போயிருந்தா, ‘மைனஸ் கேப்பிட்டல் எக்ஸ்’ சேர்த்து மறுபடி லாகின் பண்ணுங்க. முகவரி சரியா இருந்தும் திறக்கலையா? சூடோ இல்லாம, லாகின் பண்ணின யூசராவே ஓட்டிப் பாருங்க.

சிலர் ‘எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்’ போடச் சொல்வாங்க. பிழை போயிடும், கூடவே பூட்டும் போயிடும். காலேஜ் லேப் மாதிரி பலர் பகிர்ற மெஷினில், இன்னொருத்தரோட புரோகிராம் நீங்க தட்டுற பாஸ்வேர்டையே படிச்சிடலாம். ஏற்கனவே போட்டிருந்தா, இன்னைக்கே ‘எக்ஸ்ஹோஸ்ட் மைனஸ்’ போட்டு மூடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.