விவசாயிக்கு வருமான வரி இல்லை என்பது பாதி உண்மை

(நில இழப்பீட்டு வட்டியில் வரிப் பிடித்தத்தை எதிர்த்து நடைபெறும் இயக்கத்தின் விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு பேச்சு நம் காதில் விழுகிறது. "விவசாயிக்கு என்னப்பா, வருமான வரியே கிடையாது. நாங்க கட்டுற வரியிலதான் மானியம் வாங்குறாங்க." படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். இதற்கு நாம் கோபப்பட்டுப் பயனில்லை, கணக்கோடு பதில் சொல்ல வேண்டும்.

1860 இல் வெள்ளைக்காரன் முதன்முதலாக வருமான வரி போட்டபோது விவசாய வருமானத்தையும் சேர்த்தே போட்டான். 1886 சட்டத்தில் அதை விலக்கினான். நிலத்துக்குத்தான் ஏற்கெனவே கிஸ்தி வாங்குகிறானே! சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சட்டம் விவசாய வருமானத்துக்கு வரி போடும் உரிமையை மாநிலங்களுக்குக் கொடுத்தது. ஆகவே 1961 வருமான வரிச் சட்டத்திலும் மத்திய அரசு இந்த விலக்கை வைத்தது. அதற்குப் பதிலாக வந்த 2025 சட்டத்திலும் விலக்கு தொடர்கிறது.

விலக்கினால் யாருக்கு லாபம்?

மத்திய அரசின் மாதிரி ஆய்வுப்படி 2018-19 இல் இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். பயிர், மாடு, கூலி எல்லாம் சேர்த்துத்தான் இது. வருஷத்துக்கு 1,22,616 ரூபாய். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி இல்லை. அப்படியானால் நாளைக்கே விலக்கை எடுத்தாலும் மூணு ஏக்கர் மக்காச்சோளக்காரனும் ரெண்டு ஏக்கர் பருத்திக்காரனும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. விலக்கின் முழு லாபம், விவசாய வருமானம் என்று கோடிக்கணக்கில் காட்டுகிறவர்களுக்குத்தான். மத்திய தணிக்கைத் துறை 2019 இல் கொடுத்த அறிக்கையே, தான் பார்த்த கேஸ்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் போதிய ஆவணம் இல்லாமலேயே விலக்கு கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. அந்தப் பழியையும் சேர்த்து நாம் சுமக்கிறோம்.

நாம் வரியே கட்டவில்லையா? உரத்துக்கு 5 சதவீதம், பூச்சி மருந்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. வியாபாரி, தான் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வான். நமக்கு ஜிஎஸ்டி பதிவே கிடையாது, கழிக்கவும் வழியில்லை. கட்டியது கட்டியதுதான்.

எதற்கு விலக்கு, எதற்கு இல்லை?

நம் நிலத்தில் விளைந்த சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம், முந்திரி, கரும்பு விற்ற பணத்துக்கு விலக்கு உண்டு. சோளத்தை உதிர்த்துக் காயவைத்து விற்றாலும் விலக்குதான். நிலத்தைச் சாகுபடிக்குக் குத்தகை விட்ட பணமும் அப்படியே. ஆனால் பால் ஊற்றிய பணம், கோழிப்பண்ணை, ஆடு வளர்ப்பு இவையெல்லாம் சட்டத்தின் கண்ணில் விவசாயம் இல்லை. செங்கல் சூளைக்கும், சுண்ணாம்புக்கல் எடுக்கவும், செல்போன் கோபுரத்துக்கும் நிலத்தைக் கொடுத்து வாங்கும் வாடகைக்கும் விலக்கு இல்லை. வங்கி வட்டிக்கும் இல்லை.

நிலம் விற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிராமத்து விவசாய நிலம் விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. எது கிராமம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. 10,000 க்கு மேல் 1 லட்சம் வரை மக்கள் தொகை உள்ள நகராட்சி என்றால் அதன் எல்லைக்குள்ளும், எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள நிலத்துக்கு வரி உண்டு. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் மூன்றும் இந்த ரகம்தான். அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.

இழப்பீட்டு வட்டி: நம் போராட்டத்தின் காரணம்

தோழர்களே, இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு 1990களில் நிலம் எடுத்ததை நாம் மறக்கவில்லை. சென்ட் கணக்கில் அற்ப விலை வைத்து, கூடுதல் இழப்பீட்டுக்கு வருஷக் கணக்கில் கோர்ட்டுக்கு அலையவிட்டார்கள். அந்தத் திட்டம் மட்டுமில்லை. பழைய 1894 சட்டப்படி நிலம் எடுத்த இடமெல்லாம் இதே கதைதான்.

அந்தச் சட்டப்படி, கூடுதல் இழப்பீட்டுக்கு முதல் வருஷம் 9 சதவீதமும் அதன்பிறகு 15 சதவீதமும் வட்டி. உதாரணத்துக்கு, 5 லட்சம் கூடுதல் தொகை 20 வருஷம் கழித்து வந்தால் வட்டி மட்டும் 14,70,000 ரூபாய். கிராமத்து விவசாய நிலத்தின் இழப்பீட்டுக்கு வரி இல்லை. வட்டிக்கு உண்டு!

முன்பு அந்த வட்டியை வருஷாவருஷம் பிரித்துக் கணக்குப் பார்க்க வழி இருந்தது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், கைக்கு வந்த வருஷத்தின் வருமானமாகவே மொத்தத்தையும் எடுக்கிறார்கள். பாதியைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அரசு ஊழியருக்குச் சம்பள பாக்கி மொத்தமாக வந்தால் பழைய வருஷங்களுக்குப் பிரித்துப் பார்த்து நிவாரணம் கொடுக்கிறது அதே சட்டம். அவருக்குக் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. நமக்கு ஏன் இல்லை என்று கேட்கிறோம். தாமதம் செய்தது நாமா, அரசா?

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. பணம் கொடுக்கும்போதே வட்டியில் 10 சதவீதம், அதாவது 1,47,000 ரூபாய் டிடிஎஸ் பிடிப்பார்கள். பான் இல்லாவிட்டால், அல்லது ஆதாரோடு இணைக்காததால் பான் செயலிழந்திருந்தால் 20 சதவீதம், 2,94,000 ரூபாய். ஆனால் பாதி கழிந்தால் வருமானம் 7,35,000 தான். வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால் புதிய முறையில் வரியே இல்லை. பிடித்ததெல்லாம் நம் பணம். கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கு அது திரும்பாது.

ஆகவே இப்போதே செய்யுங்கள்:

பான் எண்ணை ஆதாரோடு இணையுங்கள். பணம் வாங்கும்போது இழப்பீடு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். வரி பிடித்ததற்குச் சான்று கேளுங்கள், கொடுக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். ஜூலை 31 க்குள் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். தவறினால் தாமதக் கட்டணத்தோடு டிசம்பர் 31 வரை வழி உண்டு. வங்கியில் டெபாசிட் போட்டவர்கள் வருமானம் வரம்புக்குள் இருந்தால், வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவத்தை (நாம் 15ஜி என்று சொல்லிப் பழகியது) வருஷ ஆரம்பத்திலேயே கொடுங்கள்.

நமது கோரிக்கைகள்:

1. விவசாய நில இழப்பீட்டின் தாமத வட்டிக்கு முழு வரி விலக்கு கொடு!
2. அதுவரை, சம்பள பாக்கி போல வருஷவாரியாகப் பிரித்துக் கணக்கிடு!
3. பிடித்த வரியைத் திரும்பப் பெற தாலுகாதோறும் முகாம் நடத்து! வரிப் பிடித்த விவரத்தைத் தமிழில் கொடு!
4. ரெண்டு மாடு, நாலு ஆடு வைத்திருக்கும் சிறு விவசாயியின் வருமானத்தையும் விவசாய வருமானமாக ஏற்றுக்கொள்!
5. பூச்சி மருந்துக்கான 18 சதவீத ஜிஎஸ்டியைக் குறை!

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் நாம் கூட்டமாக நின்று மனு கொடுப்போம். இழப்பீடு வாங்கியவர்கள் தங்கள் காகிதங்களை எடுத்து வாருங்கள். தனித்தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். சேர்ந்து போனால் உட்காரச் சொல்வார்கள்.

நிலம் நம்முடையது! வட்டியும் நம்முடையது!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!