காயமும் மூலிகையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



மிஷன் பாடசாலையில் படித்த நான், வல்லாரையின் லத்தீன் பெயரை ஆசிரியரிடம் கற்றேன். அதன் குணத்தை எங்கள் அப்பாயியிடம் கற்றேன். இரண்டும் எனக்கு இரு கண்கள். எனினும், மூலிகையின் பெருமையை மட்டும் பேச நான் வரவில்லை. அதனை அரைகுறையாக அறிந்திருப்பதன் ஆபத்தையும் கூறவே வந்தேன்.

எல்கடுவ மலைச்சரிவில் உழைப்போர்க்குக் காயம் புதிதன்று. அட்டைக்கடி, முள், கவ்வாத்துக் கத்தி என்று ஏதேனும் ஒன்று வந்துகொண்டே இருக்கும். உடனே நம் கை தேடுவது மஞ்சளையும் வெட்டுக்காயப் பூண்டையுந்தான். இது வெறும் நம்பிக்கையன்று. மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் பொருள் வீக்கத்தைத் தணிப்பதையும், கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதையும் ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

ஆயினும், எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பெரியப்பாவின் காலில் கவ்வாத்துக் கத்தி பட்டது. கையில் கிடைத்த பூண்டை மண்ணோடு கசக்கி வைத்துக் கட்டிவிட்டார். நான்காம் நாள் கால் வீங்கிச் சீழ் பிடித்தது, காய்ச்சலும் கண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இலையைப் பழிக்கவில்லை. "கட்டுமுன் கழுவினீர்களா?" என்று மாத்திரமே கேட்டார். அதைக் கேட்ட அப்பாயி, "எங்க அம்மா மஞ்சத் தண்ணியைக் காய்ச்சி ஆறவச்சு, மொதல்ல அதிலதான் கழுவுவா. இவனுக்கு அதச் சொல்லாம விட்டுட்டேனே!" என்று கலங்கினார். ஆம், மருந்தில் பாதி மறந்து போயிருந்தது!

எழுதி வைக்காத அறிவு இவ்வாறே தேய்கிறது. எழுதி வைத்த அறிவோ வழக்கிலும் வெல்லும். 1995-ம் ஆண்டில், மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் இருவர் காப்புரிமை பெற்றனர். இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்தது. பழைய சமஸ்கிருத நூலையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையையும், வேறு பல ஏடுகளையும் சான்றாக வைத்தது. 1997-ல் அவ்வுரிமை செல்லாதென முடிவாயிற்று. அங்கே வென்றவை ஏடுகளே அன்றோ?

மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன் அவர்கள், 1867-ல் 'இரண வைத்தியம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். கடல் கடந்து வந்தவர் தம் மருத்துவத்தை நம் மொழியில் எழுதினார். நம் பாட்டிமாரின் மருத்துவத்தை நாம் எழுத வேண்டாமா?

ஆகவே, வாலிபர்களே! லயந்தோறும் சென்று மூதாட்டிகளைக் கேளுங்கள். எந்த இலை, என்ன பக்குவம், எதற்கு ஆகாது என்பதையெல்லாம் எழுதுங்கள். அதன் எல்லையையும் அறியுங்கள். சிறு காயமாயினும் சுத்தமான நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவுங்கள். கோப்பித்தூள், சாம்பல், சாணம் எதையும் அப்பாதீர்கள். டெட்டனஸ் என்னும் ஏற்பு நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்கிறது. அதற்குத் தடுப்பூசியே காப்பு. ஆழமான காயமாயின், இலையைத் தேடி நில்லாது ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்பாயி சொல்லச் சொல்ல நானும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியுள்ளேன். அதன் முதல் வரி, "மொதல்ல கழுவு" என்பதே.