காய் எடுத்தவளுக்கு ஒரு நூலகம்



நம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. எத்தனை கிலோ, என்ன விலை, எடுத்த வியாபாரி யார், எல்லாம் திரையில் விழுகிறது. அந்தக் காயைப் பறித்தவள் யார்?

ஏலச்செடி காய்ப்பது தலைக்கு மேலே அல்ல. தூரடியில், சரம் மண்ணோடு படர்ந்து கிடக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, பிஞ்சை விட்டு, விளைந்ததை மட்டும் விரலால் எடுக்க வேண்டும். மழையில் அட்டை காலில் ஏறும். ஒரே செடியிடம் ஒரு பருவத்தில் பலமுறை திரும்பி வர வேண்டும். காய்ந்த காயைக் குடோனில் ரகம் பிரிப்பதும் பெண்கள் கைதான்.

ஜமீன்தாரிணி காமுலம்மாள் பெயர் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நிற்கிறது. நிற்கட்டும், பெருமைதான். இருட்டோடு ஜீப்பில் ஏறி, முந்தல் வழியாகப் போடிமெட்டு தாண்டி ஏலக்காட்டுக்குப் போனவர்கள் பெயர் எங்கே நிற்கிறது? அதற்காகத்தான் அவர்கள் நினைவைச் சேர்த்துவைக்க ஒரு நூலகமும் காப்பகமும் கேட்கிறோம்.

"கூலியே கட்டுபடியாகவில்லை, இதிலே மியூசியம் ஒரு கேடா?" என்கிறார்கள். நம் பக்கத்து ஆட்களே கேட்கிறார்கள். கூலிக்காகத்தான் ஐயா கேட்கிறோம்! முப்பது வருஷம் காட்டுக்குப் போனவள், கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் எந்த அதிகாரியிடம் போய் எதைக் காட்டுவாள்? அவரவர் வீட்டில் கிடக்கும் கூலிக் கணக்கு நோட்டும், தோட்டத்தில் எடுத்த போட்டோவும் ஓரிடத்தில் சேர்ந்தால் அதுவே சாட்சி.

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு வீதியில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர்! பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள். குறைத்த போனஸை மறுத்து, 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நடந்த அந்தப் போராட்டத்தை நம் பிள்ளைகள் எங்கே போய்ப் படிப்பார்கள்?

மும்பையில் எழுத்தாளர் அம்பை, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் மூவரும் 1988-இல் 'ஸ்பாரோ' காப்பகத்தைத் தொடங்கினார்கள். பெண்கள் தம் வாழ்க்கையைத் தம் வாயாலேயே சொன்னதைப் பதிந்து வைத்தார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

ஏலக்காயில் வாழ்ந்த வியாபாரிகளே, ஒரு கூடம் கொடுங்கள். நகராட்சி நூலகரைக் கொடுக்கட்டும். தாய்மார்களே, பரணில் கிடக்கும் கூடையையும் நோட்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வயதான பாட்டிமார்கள் பேச்சைத்தான் முதலில் பதிய வேண்டும். கட்டடம் பிறகு வரட்டும். பதிவை வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குகிறோம், அவர்களைக் கைப்பிடித்துக் கூட்டி வாருங்கள்.