வரைபலகை வாங்கலாமா?



சென்ற பள்ளி விடுமுறையில், மூன்றாம் படிவம் படிக்கும் எங்கள் மகள் ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டாள். கணினியில் படம் வரைவதற்கான பலகை அது. கடைக்காரர்கள் அதை ‘டேப்லட்’ என்கிறார்கள். கைத்தொலைபேசியைப் பெரிதாக்கினாற்போல் ஒரு டேப்லட் இருக்கிறதே, அது வேறு, இது வேறு. பெயர் ஒன்றாய் இருப்பதால் பெற்றோர் பலர் குழம்புகிறார்கள், நாங்களும் குழம்பினோம். ஆகவே, இந்தப் பேச்சு முழுவதும் இதனை வரைபலகை என்றே சொல்லுவோம்.

எங்களில் ஒருவர் உடனே “வேண்டாம்” என்றார். மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

“வேண்டாம்” என்று சொன்னதற்குக் காரணம் அலமாரியின் மேல் துணி போர்த்திக் கிடந்தது. மூத்தவன் ஆசைப்பட்டான் என்று முன்பு ஒரு கீபோர்டு வாங்கினோம். மாதம் 90 வெள்ளி, 12 மாதத் தவணை. அவன் வாசித்தது நான்கு மாதம். நாங்கள் கட்டியது பன்னிரண்டு மாதம். குற்றம் பிள்ளை மேல் மட்டும் இல்லை. அவனுக்கு இசையில் எவ்வளவு நாட்டம் இருக்கிறது என்று பார்க்காமல், பக்கத்து வீட்டுப் பையன் வாசிக்கிறான் என்பதற்காகவே வாங்கினோம். சூடுகண்ட பூனை ஆகிவிட்டோம் நாங்கள். ஆனால், அண்ணன் செய்ததற்குத் தங்கை தண்டம் கட்டுவது நியாயமா என்று பாட்டி கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. முதலில் விசாரிப்பது, பிறகு முடிவு சொல்வது என்று ஏற்பாடாயிற்று.

நாங்கள் இருவரும் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். தோட்டம் வீடமைப்புக்குப் போனபின் தீவுக்கு வந்து, ஜார்ஜ்டவுனில், சுங்கை பினாங் பகுதியில் குடியேறினோம். இங்கிருந்து கொம்தார் கட்டடத்துக் கணினிக் கடைகள் தூரமில்லை. ஒரு சனிக்கிழமை முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒன்றும் வாங்கவில்லை, கேள்விதான் கேட்டோம்.

வரைபலகை எப்படி வேலை செய்கிறது தெரியுமா? பார்வைக்குச் சிலேட்டுப் பலகை போலத்தான் இருக்கும். அதன் மேற்பரப்புக்குக் கீழே மெல்லிய கம்பிகள் வலைபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கம்பிகள் மின்காந்த அலையை வெளியிடுகின்றன. பேனாவுக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருள் அந்த அலையை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. பேனா எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு அழுத்தமாக ஊன்றியிருக்கிறது என்று பலகை உடனே கண்டுபிடித்துக் கணினிக்குச் சொல்லிவிடுகிறது. இந்த வகைப் பேனாவுக்கு மின்கலம் வேண்டாம், மை வேண்டாம். பலகையில் கீறல் எதுவும் தெரியாது. கோடு கணினித் திரையில்தான் தோன்றும்.

இது நேற்று வந்த புதுமையும் அன்று. 1964-இல் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் இத்தகைய பலகை ஒன்றைச் செய்தது. அதன் விலை 18,000 டாலர்! 1983-இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாக்கம் நிறுவனம் இத்தொழிலில் பேர்பெற்றது. பின்னர் ஹுயியோன், எக்ஸ்பி-பென் முதலிய பெயர்களும் கடைகளுக்கு வந்து, விலை இறங்கிற்று. எந்த நிறுவனத்துக்கும் விளம்பரம் செய்வது எங்கள் வேலை அல்ல. கடையில் இந்தப் பெயர்கள் காதில் விழும் என்பதால் சொல்லி வைக்கிறோம்.

கடைக்காரர் அழுத்தத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார். “8192 படிநிலை அழுத்தம் இருக்கிறது” என்றார். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் இதைச் சொன்னோம். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை அவருடையது. “மெதுவாக அழுத்தினால் மெல்லிய கோடு, அழுத்தி ஊன்றினால் தடித்த கோடு, அவ்வளவுதானே?” என்று கேட்டார். அவ்வளவுதான் என்றோம். “கத்தியும் அப்படித்தான். அமுக்கினா மரம் காயமாயிடும், அப்புறம் அந்த இடத்துல முண்டு விழுந்துடும். லேசா சீவினா பால் வராது. அந்த அளவு கத்திக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியணும்” என்றார். கடைக்காரர் அரைமணி நேரம் பேசியும் எங்களுக்கு விளங்காதது அப்போது விளங்கிற்று. 8192 என்ற எண்ணைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை. பழகத் தொடங்கும் பிள்ளையின் கை அதில் சிறு பகுதியைக்கூடப் பயன்படுத்தாது. அந்த எண்ணுக்காக நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது வீண்.

இனி, பலகை எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். அது படம் வரையாது. காகிதத்தில் மூக்கு கோணலாக விழுந்தால் பலகையிலும் கோணலாகத்தான் விழும். ஒன்று மட்டும் உண்டு: பிழையைத் தடம் இல்லாமல் அழிக்கலாம், நிறத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல, பின்னணியை ஒரு தாளிலும் ஆளை ஒரு தாளிலும் வைத்து வரையலாம். வண்ணமும் தாளும் வாங்கிக் கட்டுப்படியாகாத வீட்டுக்கு இது பெரிய வசதிதான்.

விலைக்கு வருவோம். வரைபலகையில் இரண்டு வகை. திரை இல்லாத சிறிய பலகை 200 வெள்ளியை ஒட்டிக் கிடைக்கிறது. திரை உள்ள பலகையில், படம் தோன்றும் இடத்திலேயே வரையலாம். ஆனால் அது ஆயிரம் வெள்ளியைத் தொடும், தாண்டியும் போகும். 2025 முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை வைத்துக் கணக்குப் பாருங்கள். சிறிய பலகை என்பது ஏறக்குறைய மூன்று நாள் கூலி. திரைப் பலகையோ பாதி மாதச் சம்பளத்துக்கு மேல் விழுங்கிவிடும்.

இதோடு கணக்கு முடியவில்லை. எந்தக் கடையிலும் நாங்களாகக் கேட்கும்வரை யாரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு: சாதாரண வரைபலகை தனியாக நின்று வேலை செய்யாது. அதைக் கணினியோடு இணைக்க வேண்டும். எங்களிடம் கணினி இல்லை. ஒன்று இருந்தது. 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த பெருவெள்ளத்தின்போது, நாங்கள் ஆற்றோரத்தில் தரைவீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். சுங்கை பினாங் ஆறு வீட்டுக்குள் வந்தபோது பிள்ளைகளையும் பிறப்புப் பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். கணினியைத் தூக்க மூன்றாவது கை இல்லை. இப்போது பழைய மடிக்கணினி ஒன்று வாங்குவதானால் 500, 600 வெள்ளி ஆகும். ஆக, 200 வெள்ளிப் பொருள் 800 வெள்ளியாகிவிடுகிறது. சில பலகைகளை ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியோடு இணைக்கலாம். அதற்கென்று சிறு இணைப்பான் வேண்டும். உங்கள் தொலைபேசிக்குப் பொருந்துமா என்று கடையிலேயே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். “பொருந்தும், பொருந்தும்” என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

மென்பொருளுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. கிரிட்டா என்ற வரைமென்பொருள் இலவசம். தொழில்முறை ஓவியர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கைத்தொலைபேசியில் ஐபிஸ் பெயிண்ட் என்ற செயலியை, இடையிடையே விளம்பரம் வந்தாலும், காசில்லாமல் பயன்படுத்தலாம். விரலாலேயே வரையலாம்.

சரி, பணம் புரட்டலாம் என்றே வைத்துக்கொள்வோம். படம் போட்டுப் பிழைக்க முடியுமா? எங்கள் அண்ணி கேட்ட கேள்வி இது. “வரையறதெல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டு அண்ணே, கணக்குப் படிக்கச் சொல்லுங்க” என்றார். அவர் வீட்டுப் பிள்ளைகள் அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் ‘உப்பின் இப்பின்’ பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2007-இல் தொடங்கிய அந்தத் தொடரின் இரட்டையர்களையும், கடை வைத்திருக்கும் அங்கிள் முத்துவையும், அவர் மகன் ராஜுவையும் இந்த நாட்டிலேயே கணினியின்முன் உட்கார்ந்து சம்பளத்துக்கு உருவாக்குகிறார்கள். அசைவுப்படம், விளையாட்டு மென்பொருள், பாடநூல் படங்கள், விளம்பரம் என்று இத்தொழிலுக்குக் கிளைகள் பல உண்டு. எங்கள் வீட்டுக்கு அருகே, குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலைக்கென்றே ஒரு புலம் இருக்கிறது. நான்காம் படிவத்தில் காட்சிக்கலைக் கல்வியைத் தேர்வுப் பாடமாக எடுத்து, எஸ்.பி.எம். தேர்வும் எழுதலாம். தொழிற்கல்லூரிகள் சிலவற்றில் அசைவுப்படப் பயிற்சியும் உண்டு.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2022 முதல், நாலு சொல் எழுதினால் கணினியே படம் போட்டுக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவிவிட்டன. சில்லறைப் பட வேலைகள் இதனால் குறைகின்றன என்று ஓவியர்கள் பல நாடுகளில் குரல் கொடுத்து வருகிறார்கள். எங்கள் மகள் வேலை தேடும் காலத்தில் நிலைமை எப்படி இருக்கும் என்று உறுதி சொல்ல எங்களால் ஆகாது. ஆகவே, வேலை கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் கடன்பட்டு வாங்குவது சரியில்லை என்றுதான் எங்களுக்குப் பட்டது. பிள்ளை வரையாமல் இருக்க மாட்டாள் என்றால், அது வேறு கணக்கு.

அதை எப்படி அறிவது? இங்கேதான் பினாங்கு ஓவியர் ஒருவரின் கதை எங்களுக்கு உதவிற்று. சுவா தியன் தெங் என்பவர் போருக்குப் பின் இங்கே பத்தேக் துணித் தொழில் நடத்தினார். தொழில் நொடித்தது. மிஞ்சியவை மெழுகும் சாயமும் துணியும். ஏற்கெனவே ஓவியம் பயின்ற கை ஆதலால், மிஞ்சிய அந்தப் பொருள்களைக் கொண்டே 1950-களில் துணியில் ஓவியம் தீட்டத் தொடங்கினார். பத்தேக் ஓவியத்தின் தந்தை என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். பேராக் கம்பத்தில் 1951-இல் பிறந்த லாட் அவர்களை எல்லோருக்கும் தெரியும். 13 வயதிலேயே அவருடைய சித்திரக்கதை அச்சாகிவிட்டது. 1979-இல் வந்த ‘கம்போங் பாய்’ நூலை அவர் பேனாவும் மையும் கொண்டே வரைந்தார். தமிழகத்தில் கணினி ஓவியத்துக்கு வழிகாட்டிய டிராட்ஸ்கி மருது அவர்களும் தூரிகையில் கைதேர்ந்த பிறகே கணினிக்கு வந்தவர்.

ஆகவே, மகளிடம் ஓர் ஒப்பந்தம் செய்தோம். மூன்று மாதம். வெற்றுத்தாள் நோட்டுப் புத்தகமும் 2பி பென்சிலும் நாங்கள் வாங்கித் தருவோம். நாளுக்கு ஒரு பக்கம் வரைய வேண்டும். திரைப்பட நடிகர் படத்தைப் பார்த்து வரைவது கணக்கில் சேராது. கண்முன் இருப்பதை வரைய வேண்டும். வார இறுதியில் தொலைபேசியில் ஒரு படத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். நாங்கள் “வரைந்தாயா?” என்று நினைவூட்ட மாட்டோம். அதுதான் சோதனையே. எங்கள் பங்குக்கு, நாளுக்கு 3 வெள்ளி தனியாக எடுத்துவைத்தோம்.

முதல் மாதம் அடுப்படியும் செருப்பும் குடையும் வந்தன. இரண்டாம் மாதம் பத்து நாள் ஒன்றுமே இல்லை, பரீட்சை என்றாள். முடிந்தது கதை, கீபோர்டின் தங்கச்சி என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். அது அவள் காதில் விழுந்துவிட்டது. அந்தச் சொல்லுக்காக இன்றும் வருந்துகிறோம். மூன்றாம் மாதம் அவளே ஆர்மேனியன் தெருவுக்குப் போக வேண்டும் என்றாள். 2012-இல் எர்னஸ்ட் சகாரவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகளின் சுவரோவியம் அங்கே இருக்கிறது. அதை வரையப்போகிறாள் என்று நினைத்தோம். அவளோ, அந்தச் சுவரின்முன் நின்று படம் பிடித்துக்கொள்ள வெயிலில் வரிசையில் காத்திருந்தவர்களை வரைந்துகொண்டு வந்தாள். பிறகு பாட்டியின் கையை வரைந்தாள். ஆறு முறை. ஆறாவது படத்தில்தான் சுண்டுவிரல் வளைவு சரியாக வந்தது. பாட்டி அதைத் தம் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று மாதத்தில் 71 பக்கம். ஒப்பந்தப்படி பார்த்தால் 19 பக்கம் குறைவு. வாங்கினோம்.

திரை இல்லாத சிறிய பலகை. உறையைவிடக் கொஞ்சம் பெரிய வரைபரப்பு. கீபோர்டை விற்ற பணமும் சேமித்த பணமும் பலகைக்கும் பழைய மடிக்கணினிக்கும் ஏறக்குறையச் சரியாகிவிட்டன, தவணை இல்லை. பழைய பலகை வாங்குவோருக்கு ஒரு சொல்: கடையிலேயே இணைத்து, மூலைக்கு மூலை சாய்கோடு ஒன்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கோடு நடுங்கினாலோ இடையில் அறுந்தாலோ வாங்க வேண்டாம். மின்வடம் செருகும் வாய் ஆடுகிறதா என்றும் பாருங்கள். மாற்று முனைகள் எத்தனை தருகிறார்கள், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

முதல் இரண்டு வாரம் அழுகைதான். கை மேசையில் இருக்கும், கண் திரையில் இருக்கும். வட்டம் போட்டால் முட்டை வரும். எல்லாருக்கும் தொடக்கத்தில் இப்படித்தான் என்று முன்பே தெரிந்திருந்தால் நாங்களும் பதறியிருக்க மாட்டோம். மூன்றாம் வாரம் கை பழகிற்று.

பேனாவின் நுனியில் நெகிழி முனை ஒன்று உண்டு. தேய்ந்துபோனால் பிடுங்கிவிட்டு வேறு முனை செருக வேண்டும். இல்லாவிட்டால் பலகையைக் கீறிவிடும். சென்ற வெள்ளிக்கிழமை இரவு மகள் அந்தச் சிறு முனையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ஒரு பக்கம் சாய்வாக, மரம் வெட்டித் தேய்ந்த கத்திபோல் தேய்ந்திருந்தது. பெட்டியில் இன்னும் ஏழு முனைகள் இருக்கின்றன.