சேர்க்கைக்குப் பிறகு



ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பள்ளிக் கல்வியை ஆராயும் இக்கருத்தரங்குக்கு என்னைத் தலைமையேற்க அழைத்த அமைப்புக் குழுவினருக்கு நன்றி. கட்டுரைகள் வாசிக்கப்படுமுன் ஒரு கருத்தை மட்டும் அவைமுன் வைக்கிறேன். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் உரிமையைச் சட்டம் கொடுத்துவிட்டது. சேர்ந்த பிள்ளையின் அன்றாடப் பள்ளி நாளை யார் நடத்துவது என்பதுதான் இன்னும் தீராத கேள்வி.

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட ஏழு வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆனால் அது பள்ளிக்கான சட்டமன்று. கல்வி உரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, தனியார் பள்ளிகள் ஒதுக்க வேண்டிய 25 விழுக்காட்டு இடங்கள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் உரியவையாயின. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு எனச் சான்று பெற்ற பிள்ளை, 6 வயது முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம் என்கிறது அதன் 31ஆம் பிரிவு. இன்று ஒரு பள்ளி “இவனுக்கு இங்கே இடமில்லை” என்று வாயால் சொல்லலாம். எழுத்தில் கொடுக்க முடியாது.

அதனால் மறுப்பு இப்போது வேறு உருவில் வருகிறது. “சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்”, “மதியத்துக்கு மேல் அழைத்துப் போய்விடுங்கள்”, “ஆண்டாய்வு நடக்கிறது, இரண்டு நாள் அனுப்ப வேண்டாம்.” பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை வராந்தாவில் இருப்பான். வகுப்பாசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாற்பது பிள்ளைகளோடு தனியாக நிற்கும் அவருக்கு யார் துணை?

அந்தத் துணையின் அளவை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வரையறுத்தது: தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். பணியிடங்கள் உருவாகும்வரை பள்ளிகளுக்கிடையே சென்று கற்பிப்பவர்களைப் பயன்படுத்தலாம் என்றது இடைக்கால ஏற்பாடுதான். 2025 மார்ச்சில் மாநிலங்கள் பணியிடங்களை அறிவிக்க வேண்டும் என்று மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. நம் மாநிலத்திலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஒப்பந்த ஊதியத்தில் பணியாற்றும் சிறப்புப் பயிற்றுநர்களே வட்டாரப் பள்ளிகளுக்கும், பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் மாறிமாறிச் செல்கிறார்கள். அவர்கள் உழைப்பில் குறையில்லை, ஏற்பாட்டில்தான் குறை.

காரணம், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் இயல்பு. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் அமைதி, தெரியாவிட்டால் பதற்றம். படங்களால் ஆன நேர அட்டவணை, ஒரே இருக்கை, பாடம் முடிந்ததற்கு ஓர் அடையாளம், பேச்சு வராதபோது காட்டுவதற்குப் பட அட்டை ஆகியவை தினமும் ஒரே ஒழுங்கில் நடந்தால்தான் பலன் தரும். அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் 1970களில் மாநிலம் முழுவதற்கும் வளர்த்தெடுத்த கற்பித்தல் முறை இந்த ஒழுங்கையே அடித்தளமாகக் கொண்டது. இடைவெளி விட்டு வந்து போகும் பயிற்றுநர் எவ்வளவு திறமையானவராயினும், பிள்ளைக்கு அவரும் ஒரு மாற்றமே. இன்னொன்று: நம் சிறப்புக் கல்விப் பட்டங்கள் குறைபாட்டு வகைப்படி பிரிந்தவை. செவித்திறன் குறைபாட்டில் பயிற்சி பெற்றவரை ஆட்டிசத்துக்கும் பொறுப்பாக்கினால் அவருக்கும் அநீதி, பிள்ளைக்கும் அநீதி.

இப்பிள்ளைகளுக்கெனத் தனியாக ஒதுக்கும் சிறப்பு வகுப்பறை பற்றி இரு தரப்பு வாதங்கள் இங்கே எழும். அது பிரித்து வைப்பது என்பார்கள் சிலர். அது இல்லாமல் பொது வகுப்பில் உட்கார வைப்பது வெறும் கணக்கு என்பார்கள் மற்றவர்கள். என் கருத்து: வகுப்பறை வேண்டும், அதுவும் சாதாரணப் பள்ளியின் உள்ளேயே வேண்டும். காலை வழிபாட்டின் ஒலிபெருக்கியும், மதிய உணவு நேரத்துத் தட்டுச் சத்தமும் தாங்க முடியாத பிள்ளைக்கு ஒதுங்க ஓர் அறை தேவை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் தனிக் கல்வித் திட்டத்திலும், அவன் எந்தப் பாடவேளையில் எந்தப் பொது வகுப்புக்குப் போவான் என்று எழுதியிருக்க வேண்டும். கணக்கிலோ ஓவியத்திலோ கணினியிலோ தொடங்கி அந்த நேரம் ஆண்டுதோறும் கூட வேண்டும். கூடவில்லையென்றால் அதற்குக் காரணம் கேட்கப்பட வேண்டியது பள்ளியிடம், பிள்ளையிடம் அல்ல. மிகுந்த துணை தேவைப்படும் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளியைத் தேர்வு செய்யும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. அருகில் உள்ள பள்ளி கைவிட்டதால் அங்கே போவது தேர்வாகாது.

எனவே கட்டுரையாளர்களிடம் மூன்று வேண்டுகோள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, வாரத்தில் எத்தனை மணி நேரம் உண்மையில் வகுப்பில் இருந்தார்கள் என்பதையும் அளந்து சொல்லுங்கள். வகுப்பாசிரியரும் சிறப்பாசிரியரும் சேர்ந்து திட்டமிட நேர அட்டவணையில் எங்கே இடம் உண்டு என்று காட்டுங்கள். எட்டாம் வகுப்புக்குப் பின் இப்பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று பின்தொடருங்கள். நிறைவு நாளில் நாம் அரசுக்கு அனுப்பும் தீர்மானம், கட்டடம் கேட்பதற்கு முன் நிரந்தரப் பணியிடம் கேட்பதாக அமைய வேண்டும்.

பெற்றோர் முதலில் பேசட்டும் என்று முதல் அமர்வை அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல வரிசை அது. அவர்களை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.